தாய்மார் குருதியைக் காத்த லூசி வில்ஸ் அம்மையார்

இன்று நம் ஊர்களில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எதற்குச் சென்றாலும், கருவுற்ற பெண்களின் கையில் சிவப்பு நிற மாத்திரைகள் கொடுக்கப்படுவதைக் காணலாம். பள்ளிகளில் வளரிளம் பருவத்துப் பெண்மக்களுக்கு வாரம் ஒருமுறை நீல நிற மாத்திரை வழங்கப்படுகிறது. இவற்றை இரும்புச்சத்து மாத்திரைகள் என்றே நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அம்மாத்திரைக்குள் இரும்போடு மற்றொரு பொருளும் இருக்கின்றது. அதன் பெயர் ஃபோலிக் அமிலம். அளவில் அது மிகமிகச் சிறிது. 60 மில்லிகிராம் இரும்போடு சேர்ந்திருக்கும் ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம் மட்டுமே. அந்தச் சிறு துளி நம் தாய்மாரின் மருந்துக்குள் வந்து சேர்ந்த வரலாற்றின் தொடக்கத்தில், நம் நாட்டுக்கு வந்து உழைத்த ஓர் ஆங்கிலப் பெண்மணி நிற்கிறார். அவரே லூசி வில்ஸ் அம்மையார். அவர்தம் வாழ்க்கையை நம் இல்லத்துப் பெண்மக்கள் அறிந்திருத்தல் நலம் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாம் சிறுமியாக இருந்த காலத்தில், எங்கள் தெருவில் எல்லாக் குழந்தைகளையும் தம் குழந்தைகள் போல் எண்ணிப் பழகிய அத்தை ஒருவர் வாழ்ந்தார். நான்காம் முறை கருவுற்றிருந்தபோது அவருடைய முகம் மஞ்சள் பூத்து வெளுத்தது, நாக்கு புண்ணாகியது, கிணற்றடிக்கும் அடுக்களைக்கும் நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. பெரியவர்கள் அதனைச் சோகை என்றனர். பிள்ளை பிறந்தால் தானே தெளியும் என்று காத்திருந்தனர். தெளியவில்லை. தாயும் சேயும் ஒரே கிழமைக்குள் மறைந்தனர். எல்லாம் வினைப்பயன் என்று சொல்லி ஊரார் கண்ணீரைத் துடைத்துக்கொண்டனர். பின்னாளில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் உடல்நலப் பாடம் கற்றபோதுதான், அந்த நோய்க்கு மருந்து கண்டறியப்பட்டு ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டிருந்தது என்பது நமக்குத் தெரியவந்தது. வினை என்று நாம் விட்டுவிட்டதில் அறியாமையின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி அன்று முதல் நம் மனத்தை விட்டு அகலவில்லை.

பிறப்பும் கல்வியும்

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அறிவியல் பயின்றவர். தாயார் மருத்துவர் ஒருவரின் மகள். இயற்கையை உற்றுநோக்கும் பழக்கம் அக்குடும்பத்தில் இயல்பாகவே அமைந்திருந்தது. பெண்களுக்கு ஆடவர்க்கு நிகரான கல்வி தரவேண்டும் என்ற நோக்குடன் நடந்துவந்த செல்ட்டனாம் மகளிர் கல்லூரிப் பள்ளியில் அவர் பயின்றார். பின்னர் 1907இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் நிலவியலும் கற்றார்.

1911இல் தேர்வுகள் அனைத்தும் முடிந்தன. ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. தேர்ச்சி பெறாததால் அன்று. பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கும் வழக்கம் கேம்பிரிட்ஜில் அந்நாளில் இல்லாததால்தான். 1948ஆம் ஆண்டு வரை அங்கே அந்நிலையே நீடித்தது. பாடம் கேட்கலாம், தேர்வு எழுதலாம், பட்டம் மட்டும் கேட்கலாகாது என்பது எத்தகைய நீதி என்று இன்றைய மாணவியர் வியப்பர். அம்மையார் அதைக் குறித்து மனம் சோர்ந்து நின்றுவிடவில்லை.

துன்பங்களும் அவரை அடுத்தடுத்து வந்தடைந்தன. 1911இல் தந்தையார் காலமானார். 1913இல் அன்புக்குரிய தமக்கையும் இளவயதிலேயே இறந்தார். அந்த ஆண்டில் தாயாருடன் இலங்கைக்குப் பயணம் செய்து சிறிது காலம் தங்கினார். 1914இல் தம்பியுடன் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கிருக்கையில் முதல் உலகப் போர் மூண்டது. கேப்டவுன் நகரில் சில கிழமைகள் நோயாளர்க்குத் தொண்டு செய்தார். அந்தத் தொண்டே அவருடைய வழியை மாற்றியது. இங்கிலாந்து திரும்பியதும் 1915ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இலண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார்.

அப்பள்ளி 1874இல் பெண்கள் மருத்துவம் பயில்வதற்கென்றே நிறுவப்பட்டது. ராயல் ஃப்ரீ மருத்துவமனை அதன் பயிற்சிக் களமாக விளங்கியது. அங்குப் பயின்ற லூசி அம்மையார் 1920இல், தம் 32ஆம் வயதில், மருத்துவப் பட்டம் பெற்றார். மருத்துவத் தொழில் நடத்திப் பொருள் ஈட்ட அவர் விரும்பவில்லை. அதே மருத்துவமனையில் ஆய்வும் கற்பித்தலும் மேற்கொண்டார். கருவுற்ற பெண்களின் குருதி, உடலின் வேதியியல் மாற்றங்கள் ஆகியவையே அவர்தம் ஆய்வுப் பொருளாயின.

பம்பாயில் கண்ட துயரம்

அக்காலத்தில் இந்தியாவில் பிள்ளைப்பேற்றின்போது இறக்கும் தாய்மாரின் தொகை மிகுதியாக இருந்தது. அதன் காரணங்களை ஆராயும் பணி பம்பாயில் ஹாஃப்கின் நிறுவனத்தில் தொடங்கப்பட்டது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் இந்தியப் பெண்களின் மருத்துவத்துக்காகப் பல்லாண்டு உழைத்த மார்கரெட் பால்ஃபோர் அம்மையார். அவருடைய அழைப்பை ஏற்று 1928ஆம் ஆண்டில், தம் நாற்பதாம் வயதில், லூசி வில்ஸ் இந்தியா வந்தார்.

பம்பாயின் நெசவாலைகளில் உழைத்த பெண்களிடையே ஒரு கொடிய சோகை பரவியிருந்தது. கருவுற்றிருக்கும் காலத்தில் அது தலைகாட்டும், விரைவாக முற்றும், பலரைக் கொன்றுவிடும். அவர்களுடைய குருதியை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவத்தில் பெருத்தும் காணப்பட்டன. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துக் காணப்படும். எனவே இது வேறு நோய் என்பது தெளிவாயிற்று.

இதைப் போன்றே சிவப்பணுக்கள் பெருத்துக் காணப்படும் மற்றொரு சோகை மேலைநாட்டு முதியோரிடம் உண்டு. அதற்கு விலங்கின் கல்லீரல் மருந்தாகும் என்பதை 1926இல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்னும் இரு மருத்துவர்கள் காட்டியிருந்தனர். ஆனால் பம்பாய்ப் பெண்களின் சோகை அதனின்றும் வேறு தன்மையினது என்பதை லூசி அம்மையார் உணர்ந்தார். முதியோரின் அந்தச் சோகையில் காணப்படும் நரம்புத் தளர்ச்சி இவர்களிடம் இல்லை.

ஆராய்ச்சியாளர் என்ற முறையில் அவர் முதலில் நோய்க்கிருமிகளைத் தேடினார். குடலில் ஏதேனும் கிருமி இருந்து இந்நோயை விளைக்கின்றதோ என்று ஆராய்ந்தார். அப்படி எதுவும் அகப்படவில்லை. அதன்பின் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, அப்பெண்கள் என்ன உண்கின்றனர் என்று கேட்கத் தொடங்கினார். பல்வேறு சமயத்தினர், பல்வேறு வருவாயினர் ஆகிய பெண்களின் அன்றாட உணவைக் கணக்கெடுத்தார். எவருடைய உணவு மிகவும் குறைபட்டிருந்ததோ அவரிடமே இந்தச் சோகை மிகுந்திருந்தது. வறுமையிலும் முகத்திரைக்குள்ளும் வாழ்ந்த ஏழை முஸ்லிம் பெண்களின் தட்டில் காயும் கீரையும் கனியும் அரிதாகவே வந்தன. நோயும் அவர்களையே மிகுதியாக வருத்தியது. நோயின் வேர் அடுக்களையில் இருக்கின்றது என்ற முடிவுக்கு அம்மையார் வந்தார்.

இப்பணியில் அவர் தனித்து நிற்கவில்லை. அந்நாளைய ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயரோடு மேத்தா, தல்பாதே என்னும் இந்தியப் பெயர்களும் இணைந்து காணப்படுகின்றன.

குன்னூரும் சென்னையும்

1929இல் அவர் தம் ஆய்வுகளைச் சில மாதம் நம் நீலகிரிக் குன்னூருக்கு மாற்றிக்கொண்டார். அங்குப் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மக்கரிசன் என்பார் உணவுச் சத்து ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கி வந்தார். அவர் அங்கே வளர்த்த ஆய்வுக்கூடமே பின்னாளில் ஐதராபாத்துக்குச் சென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. பம்பாயின் ஏழைப் பெண்கள் உண்ட உணவைப் போன்றதையே எலிகளுக்குக் கொடுத்து அம்மையார் குன்னூரில் ஆராய்ந்தார்.

1931ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னையிலும் அவர் பணியாற்றினார். திருவல்லிக்கேணியில் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைத்துவந்த மகளிர் மருத்துவமனையே அப்பணிக்களம். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்னும் பெயரில் அது விளங்குகின்றது. ஆடவர் கண்ணில் படாமல் வாழ்ந்த பெண்களும் அச்சமின்றி வந்து மருத்துவம் பெறவேண்டும் என்பதற்காக 1885இல் அது தோன்றியது. அதனைத் தோற்றுவிக்க முன்னின்ற மேரி ஷார்லீப் அம்மையாரும் லூசி பயின்ற அதே இலண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியின் மாணவியரே. ஒரு பள்ளியில் ஏற்றப்பட்ட விளக்கு, அரை நூற்றாண்டு இடைவெளியில் இருவர் வழியாகத் திருவல்லிக்கேணிக்கு ஒளி தந்தது என்பதை எண்ணும்போது, ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்த நமக்கு ஒரு நிறைவு தோன்றுகின்றது.

ஒரு கரண்டி ஈஸ்ட் சாறு

எலிகளை அடுத்துக் குரங்குகளிடமும் ஆய்வு நடைபெற்றது. சத்துக் குறைந்த உணவை உண்ட குரங்குகளுக்கும் பெண்களுக்கு வந்தது போன்ற சோகையே வந்தது. எவ்வுயிரையும் வருத்தலாகாது என்னும் நெறியில் வாழும் நமக்கு இதனைப் படிக்கையில் உள்ளம் உறுத்தவே செய்யும். அந்த உறுத்தலை மறைத்துவிட்டு இவ்வரலாற்றைச் சொல்லுதல் நேர்மையாகாது. அவ்வுயிர்களும் நம் தாய்மாருக்காகத் துன்புற்றன என்பதை நன்றியோடும் வருத்தத்தோடும் நினைப்பதே முறை.

அவ்வாறு நலிந்த குரங்கு ஒன்றுக்கு அம்மையார் மார்மைட் என்னும் உணவுப் பொருளைக் கொடுத்துப் பார்த்தார். மார்மைட் என்பது மது வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் கறுத்த, உவர்ப்பான சாறு. 1902 முதல் இங்கிலாந்தில் அது விற்பனையில் இருந்தது. ரொட்டியில் தடவி உண்ணும் மலிவான பொருள் அது.  அந்தக் குரங்கு வியக்கத்தக்க வகையில் தேறியது.

பின்னர் நோயுற்ற பெண்களுக்கும் அது கொடுக்கப்பட்டது. சில நாள்களிலேயே குருதியில் புதிய சிவப்பணுக்கள் பெருகலாயின. முகம் தெளிந்தது, பசி திரும்பியது, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து அமர்ந்தனர். 1931 ஜூன் மாதத்தில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் ஏட்டில் இம்முடிவுகளை அவர் வெளியிட்டார். கல்லீரல் சாறு விலை மிகுந்தது. புலால் உண்ணாத குடும்பத்துப் பெண்கள் அதனைத் தொடவும் அஞ்சுவர். ஈஸ்ட் சாறோ விலை குறைந்தது, எவரும் உண்ணத்தக்கது. ஏழைக்கு எட்டும் மருந்தே மருந்து என்பதை இக்கண்டுபிடிப்பு மெய்ப்பித்தது.

ஈஸ்டில் இருந்த அந்த அரும்பொருள் யாதென்று அன்று எவருக்கும் தெரியாது. அதனால் அது வில்ஸ் காரணி என்றே வழங்கப்பட்டது. மேலைநாட்டு முதியோரின் சோகையைத் தீர்க்கும் தூய கல்லீரல் சாற்றுக்கு இந்தியப் பெண்களின் சோகை கட்டுப்படுவதில்லை. தூய்மை செய்யப்படாத சாற்றுக்குக் கட்டுப்படுகிறது என்பதையும் அம்மையார் பின்னர்க் காட்டினார். ஆகவே ஒரு பொருள் அன்று, இரு வேறு பொருள்கள் குருதி ஊறுவதற்கு வேண்டும் என்பது புலனாயிற்று. 1937இல் கடல்விமானத்தில் ஏறி மீண்டும் பம்பாய்க்கு வந்து இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார்.

இலையிலிருந்து வந்த பெயர்

1941இல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு டன் பசலையின வெளிநாட்டுக் கீரையைச் சாறெடுத்து, அதிலிருந்து ஒரு பொருளை மிகச் சிறு அளவில் பிரித்தனர். இலத்தீன் மொழியில் ஃபோலியம் என்றால் இலை. இலையிலிருந்து கிடைத்ததால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தார் அதனைச் செயற்கை முறையில் உருவாக்கினர். அங்கு ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். உடன்பிறந்தார் இருவரை நோய்க்குப் பறிகொடுத்தவர். ஸ்புரூ என்னும் குடல்நோயின் கொடுமையைத் தாமும் அனுபவித்தவர். அந்நோயாளர்க்கும் ஃபோலிக் அமிலம் பயன்பட்டது என்பது எண்ணத்தக்கது. லூசி அம்மையார் ஈஸ்டில் கண்ட பொருளும் இதுவே என்பது விரைவில் உறுதியாயிற்று. மற்றொரு பொருளாகிய வைட்டமின் பி12, 1948இல் பிரித்தெடுக்கப்பட்டது.

உடலில் புதிய உயிரணு ஒன்று தோன்றவேண்டுமானால், அதன் உட்கருவில் உள்ள மரபுப் பொருள் இரட்டிக்க வேண்டும். அவ்வேலைக்கு ஃபோலேட் இன்றியமையாதது. அது குறைந்தால் எலும்பு மச்சையில் உருவாகும் அணுக்கள் பிரிய மாட்டாமல் பெருத்துக்கொண்டே போகின்றன. குருதியில் சிவப்பணுக்கள் பெருத்துக் காணப்பட்டதன் காரணம் இதுவே. கருவுற்ற பெண்ணின் உடலில் புதிய உயிரணுக்கள் இடைவிடாது தோன்றுவதால் அவளுக்கு ஃபோலேட் மிகுதியாகத் தேவைப்படுகின்றது. வறிய உணவில் அது கிட்டாதபோது தாயின் குருதி வற்றுகின்றது.

எளிய வாழ்வு

லூசி வில்ஸ் அம்மையார் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நோய்க்குறியியல் துறையில் 1947 வரை பணிபுரிந்தார். இரண்டாம் உலகப் போரின்போது 1944 ஜூலையில் அம்மருத்துவமனை மீது பறக்கும் குண்டு விழுந்தது. கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்து கொடுப்பது பற்றி அவர் நடத்திவந்த ஆய்வு அதனால் தடைப்பட்டது. ஆயினும் பணியைக் கைவிடாமல் தொடர்ந்தார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளாமல் மிதிவண்டியிலேயே மருத்துவமனைக்குச் சென்று வந்தார். மலைநடையில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். ஓய்வு பெற்றபின்னும் ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களுக்குச் சென்று ஏழை மக்களின் உணவையும் சோகையையும் ஆராய்ந்தார். இலண்டனில் செல்சி பகுதியின் நகராட்சி உறுப்பினராகவும் தொண்டு செய்தார். 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் தம் 75ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அவருக்குப்பின் வளர்ந்த அறிவு

அம்மையார் மறைந்த ஆண்டுகளில்தான் ஃபோலேட் பற்றிய மற்றொரு பேருண்மை மெல்லத் துலங்கத் தொடங்கியது. கரு உருவாகி 28 நாள்களுக்குள் குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் ஆகப்போகும் குழல் மூடிக்கொள்ள வேண்டும். தாயின் குருதியில் ஃபோலேட் குறைந்திருந்தால் அது மூடாமல் நின்று, குழந்தை மாறாத ஊனத்தோடு பிறக்க நேரிடலாம். 1991இல் ஏழு நாடுகளில் 33 மருத்துவ நிலையங்களில் நடந்த பெரும் ஆய்வு இதனை ஐயமற நிலைநாட்டியது. முன்பு இத்தகைய குழந்தை பெற்ற தாய்மாருக்கு மறுமுறை கருவுறுமுன்னரே ஃபோலிக் அமிலம் கொடுத்ததில், அவ்வூனம் 72 விழுக்காடு தவிர்க்கப்பட்டது. 1998இல் அமெரிக்காவில் தானிய மாவில் ஃபோலிக் அமிலம் கலப்பது கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் இவ்வூனத்தோடு பிறக்கும் குழந்தைகளின் தொகை கால் பங்குக்கு மேல் குறைந்தது.

இதில் நம் குடும்பங்கள் கருதவேண்டியது ஒன்று உண்டு. கருவுற்றிருப்பதைப் பெண் உணரும் நாளுக்குள் அந்த 28 நாள்கள் பெரும்பாலும் கடந்துவிடும். ஆதலால் குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் பெண், கருவுறுமுன்னரே தொடங்கி முதல் 12 வாரங்கள் வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. திருமணமாகிச் செல்லும் பெண்ணுக்குச் சீர்வரிசை கணக்கிடும் தாய்மார் இதனையும் நினைவில் கொள்வாராக.

குருதியில் ஃபோலேட்டின் அளவை இருவகையாக அறியலாம். குருதிநீரில் உள்ள அளவு, அண்மையில் உண்ட உணவைக் காட்டும். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்வன. ஆதலால் அவற்றில் உள்ள அளவு கடந்த சில மாதங்களின் நிலையைக் காட்டும். மகப்பேற்று வயதிலுள்ள பெண்களுக்குச் சிவப்பணு ஃபோலேட் லிட்டருக்கு 906 நானோமோலுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் மக்கள்தொகை அளவில் வகுத்த எல்லை.

முதியோர்க்கும் இதில் செய்தி உண்டு. ஃபோலேட் குறைந்தால் குருதியில் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் மிகும். அது மிகுந்தவர்களிடம் பக்கவாதம் கூடுதலாகக் காணப்படுகின்றது. சீனத்தில் இரத்தக் கொதிப்பு உள்ள 20,702 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், கொதிப்பு மருந்தோடு ஃபோலிக் அமிலமும் உட்கொண்டவர்களுக்கு முதல் பக்கவாதம் 21 விழுக்காடு குறைந்தது. உணவில் ஃபோலேட் குறைவாக இருந்தவர்களுக்கே பயன் மிகுதி. ஆனால் மாரடைப்பைத் தடுக்கும் என்று எண்ணி வேறு நாடுகளில் நடத்திய ஆய்வுகளில் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. குறை உள்ளவர்க்கு அது அமுதம். நிறைவாக உள்ளவர்க்கு மேலும் கொட்டுவதால் பயன் பெரிதில்லை என்பதே இவற்றால் அறியப்படுவது.

நம் இல்லங்களுக்கு

புலால் மறுத்த உணவில் ஃபோலேட்டுக்குப் பஞ்சமில்லை. கீரைகள், பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, நிலக்கடலை, ஆரஞ்சு முதலியவற்றில் அது நிறைந்துள்ளது. ஆனால் அது நீரில் கரையும். மிகுந்த வெப்பத்தில் அழியும். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டால் சத்தில் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடும். சிறிது நீரில் விரைவாக வேகவைத்து, அந்நீரையும் குழம்பிலோ இரசத்திலோ சேர்த்துவிடுதல் நல்ல இல்லத்தரசியின் செயல். நோன்பு நாள்களில் பச்சைக் காய்கீரைகளை விலக்கும் வழக்கமுள்ள வீடுகளில் பயறுவகைகள் அக்குறையை ஈடுசெய்யும். நன்கு உண்டு வாழ்பவரின் உடலில் சில மாதங்களுக்குப் போதுமான ஃபோலேட் சேமிப்பில் இருக்கும். ஆதலால் சில நாள் நோன்பால் அவருக்குக் கேடு நேராது. கருவுற்ற பெண்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே நோன்பு மேற்கொள்ளுதல் வேண்டும். தாயின் உடல் அப்போது அவளுடையது மட்டுமன்று.

மற்றோர் எச்சரிக்கையும் நமக்குரியது. வைட்டமின் பி12 செடிகொடிகளில் கிடைப்பதில்லை. பால், தயிர், மோர் ஆகியவையே நமக்கு அதனைத் தருகின்றன. பி12 குறைவால் சோகை வந்தவர் ஃபோலிக் அமிலம் மட்டும் உட்கொண்டால், சோகை தெளிந்ததுபோல் தோன்றும். ஆனால் நரம்புகள் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். லூசி அம்மையார் அன்றே வேறுபடுத்திக் காட்டிய இரு பொருள்கள் இவையே. ஆகவே சோர்வும் கைகால் மரமரப்பும் உள்ள முதியோர் தாமாக மாத்திரை வாங்கி விழுங்காமல், இரண்டின் அளவையும் குருதிச் சோதனையால் அறிந்தபின் மருத்துவர் சொற்படி நடத்தல் வேண்டும்.

தானங்களுள் உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நான்கையும் நம் முன்னோர் சிறப்பித்தனர். லூசி வில்ஸ் அம்மையார் உணவையே மருந்தாக்கினார். அம்மருந்தைப் பற்றிய அறிவை உலகுக்கு வழங்கினார். அதனால் எண்ணற்ற தாய்மாருக்கும் பிறவாத மக்களுக்கும் உயிர்க்காப்பு அளித்தார். தமக்கென மக்களைப் பெறாத அவருக்கு இத்தனை மக்கள்.

எங்கள் தெருவின் அந்த அத்தையை எண்ணிப் பார்க்கிறோம். அவர் வீட்டுக் கொல்லையில் முருங்கையும் அகத்தியும் செழித்தே நின்றன. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறியபின் எஞ்சியதையே அவர் உண்டார். பல நாள் எஞ்சியதில்லை. நம் வீட்டுப் பெண்மக்கள் தட்டிலும் முதலிலேயே கீரையும் பயறும் விழட்டும். கருவுற்ற மருமகளோடு மாமியாரும் உடன் அமர்ந்து, பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கம் ஒவ்வோர் இல்லத்திலும் வேரூன்றட்டும். அம்மையாருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.